கார்ட்டூனில் பறக்கும் குக்கர் மூடி கோத்தகிரியிலும் பறக்குமா?

கோத்தகிரியில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருப்பது இது. அவருடைய ஏழு வயது மகன் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் பார்த்திருக்கிறான். அதில் வரும் குறும்புக்காரச் சிறுவன், அம்மா கடைக்குப் போன நேரத்தில் அவரை அசத்திவிட வேண்டும் என்று தனியாகச் சமைக்க இறங்குகிறான். பால் பொங்கி வழிகிறது. சோறு பெருகிப் பெருகி வாசல்வரை வந்துவிடுகிறது. வாணலியில் தீப்பிடிக்க, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைக்கிறான். குக்கர் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. மைதா மூட்டை கவிழ்ந்து சமையலறையே வெடிக்கிறது. கடைசியில் கேக் உப்பி அவனைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறது. அவன் முகம் கரியாகிப் போகிறது. அடுத்த காட்சியில் பளிச்சென்று இருக்கிறது. இதைப் பார்த்த மகன், "நம்ம வீட்லயும் இப்படி நடக்குமாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அதோடு, அம்மாவின் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்யப்போவதாகவும் அறிவித்திருக்கிறான். எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாமா, அந்த நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாமா என்பது தாயாரின் கேள்வி.

எல்லாம் பொய் என்று சொல்லிவிட வேண்டாம் என்பதே என் பதில். மலைப்பகுதிப் பள்ளிகளில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் காட்சிகளில் பாதிக்கு மேல் உண்மையின் மீதுதான் கட்டப்பட்டிருக்கின்றன. பால் பொங்குவது உண்மை, மாவு வெடிப்பது உண்மை, குக்கர் மூடி பறப்பதும் உண்மை. கார்ட்டூன் பொய் சொல்லும் இடம் வேறு. விபத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. காயத்தை மட்டும் அழித்துவிடுகிறது. பையனிடம் பேச வேண்டியது அந்த அழிக்கப்பட்ட பகுதியைப் பற்றித்தான். "எல்லாம் பொய்" என்று நீங்கள் சொல்லிவைத்து, மறுநாளே பால் பொங்கி அடுப்பு அணைந்தால், உங்கள் பேச்சைவிடக் கார்ட்டூனின் பேச்சுக்கே அவனிடம் மதிப்புக் கூடும்.

பாலிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரி. கொடைக்கானலில் 93 டிகிரி. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். வகுப்பில் கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்துக் காட்டும்போது, பாதரசம் 93-இல் போய் நின்றுவிட, "சார், தெர்மாமீட்டர் ரிப்பேர்" என்று ஒரு பையன் உறுதியாகச் சொல்வான். பாடப்புத்தகத்தில் 100 என்று அச்சடித்திருப்பது அவனுக்கு வேதவாக்கு. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் பாதரசம் அந்தக் கோட்டைத் தாண்டாது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவான்.

பால் பொங்குவதைப் பையனை அருகில் நிறுத்தி, ஆனால் கை எட்டாத தூரத்தில் நிறுத்தி, ஒருமுறை முழுவதுமாகக் காட்டுங்கள். முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டும். பிறகு மேலே ஒரு மெல்லிய ஆடை படரும். அது நடுவில் லேசாக உயர்ந்து, சுருங்கி, மறுபடி உயரும். புரதமும் கொழுப்பும் சேர்ந்த அந்த ஆடை, கீழிருந்து வரும் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால்தான், அதுவரை சாதுவாக இருந்த பால் ஓரிரு நொடிகளில் விளிம்பைத் தாண்டுகிறது. மலையில் கொதிநிலை குறைவு என்பதால், சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று முன்னதாகவே பொங்கிவிடும். பொங்கிய பால் பர்னரை அணைத்துவிட்டால் கேஸ் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தேங்கும். குளிருக்குப் பயந்து சன்னல்களை இறுக அடைத்து வைத்திருக்கும் நம் வீடுகளில், அது வெளியேறச் சமவெளி வீடுகளைவிட அதிக நேரமாகும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எரிவாயுக் கசிவு உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஏழு வயதுப் பையனுக்கு இவ்வளவும் வேண்டாம். "வாடை வந்தால் எதையும் தொடாமல் வெளியே ஓடி, பெரியவர்களைக் கூப்பிடு" என்பது போதும்.

சோறு வாசல்வரை வருவது மட்டும் கலப்படமற்ற கற்பனை. அரிசி வெந்தால் ஏறத்தாழ மூன்று மடங்காகும்; ஒரு டம்ளர் போட்டால் மூன்று டம்ளர் சோறு, அவ்வளவுதான்.

குக்கர் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று சொல்வது பெரிதும் உண்மையே. 94 டிகிரி நீரில் துவரம்பருப்பும் ராஜ்மாவும் படுத்தும் பாடு இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் ஏறும்வரை ஆவியைப் பிடித்துவைக்கிறது. கடற்கரை ஊரில் இதனால் உள்ளே 120 டிகிரி கிடைக்கும். கோத்தகிரியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், அதே வெயிட் 117 டிகிரிக்கு மேல் போக விடாது. சென்னையில் நான்கு விசிலில் வெந்த பருப்புக்கு இங்கே ஐந்து, ஆறு விசில் தேவைப்படுவதன் காரணம் இதுதான். பருப்பின் மீதோ கடைக்காரர் மீதோ பழிபோட வேண்டியதில்லை.

இப்போது மூடிக்கு வருவோம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால், அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோவுக்கும் மேல். விசில் அடிக்கும் ஒரு சாதாரணக் குக்கரின் மூடிக்கு அடியில் எந்நேரமும் இந்த விசை இருக்கிறது. பூட்டும் கேஸ்கட்டும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மூடியை உட்புறமாகச் செருகிப் பூட்டும் வகைக் குக்கரில், அழுத்தம் குறையாமல் மூடியைத் திறக்கவே முடியாது. ஆகவே ஒழுங்காகப் பராமரிக்கப்படும் குக்கர் கூரையைப் பிய்க்காது. ஆனால் பருப்பின் தொலியோ நுரையோ ஏறி விசில் குழாயை அடைத்துவிட்டு, சேஃப்டி வால்வுக்குப் பதிலாகப் பொருந்தாத மலிவான ஒன்றை மாட்டியிருந்து, போதாக்குறைக்குக் குக்கரை வாய்வரை நிரப்பியும் வைத்திருந்தால், கார்ட்டூன் காட்டியது நடந்துவிடக்கூடும். பருப்பு வகை என்றால் பாதி அளவும், மற்றவை என்றால் மூன்றில் இரண்டு பங்கும் என்பது உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. மலையில் கூடுதல் நேரம் வேகவைக்க வேண்டியிருப்பதால் தண்ணீரும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இல்லையேல் உள்ளே நீர் வற்றி, சேஃப்டி வால்வு உருகிவிடும். வெயிட்டை மாட்டுவதற்கு முன் விசில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்கும் வேலையை மகனிடம் கொடுத்துவிடுங்கள். அது ஆபத்தற்ற வேலை, சிறுவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை, பெரியவர்கள் தவறாமல் மறந்துவிடும் வேலை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் காட்சி, எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றும் காட்சிதான். மற்றவையெல்லாம் மிகை, இது தலைகீழான பொய். தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தியானது என்பதால் எண்ணெய்க்கு அடியில் போய்விடும். அங்கே 300 டிகிரிக்கும் மேல் கொதித்துக்கொண்டிருக்கும் எண்ணெயின் சூட்டில் அது நொடியில் ஆவியாகி, ஆயிரத்து எழுநூறு மடங்குக்குக் குறையாமல் விரிந்து, எரியும் எண்ணெயைத் துளித் துளியாக மேலே வீசி எறியும். ஒரு வாணலிக்குள் இருந்த தீ, கூரைவரை எழும் தீக்கோளமாக மாறும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, ஒரு தட்டையான உலோக மூடியால் வாணலியை மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது தண்ணீர் ஊற்றுவதற்கு அடுத்தபடியான தவறு. மூடினால் ஏன் அணைகிறது என்பதை மகனுக்குக் காட்ட, ஒரு மெழுகுவர்த்தியும் கண்ணாடி டம்ளரும் போதும்: எரியும் மெழுகுவர்த்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் நீண்டு, மங்கி, அணைந்துவிடும். இது நீங்கள் செய்து அவன் பார்க்க வேண்டிய சோதனை. அவனே எதையும் அணைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தீயைக் கண்டால் சிறுவனின் கடமை ஓடுவது மட்டுமே.

மாவு வெடிப்பதைப் பார்த்துப் பெரியவர்கள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1878 மே 2 அன்று, வாஷ்பர்ன் ஆலை என்ற மாபெரும் மாவு ஆலை மாவுத் தூசி பற்றிக்கொண்டதால் வெடித்துப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். மாவு குவியலாகக் கிடக்கும்போது எரிவது கடினம்; தூசியாகக் காற்றில் மிதக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆக்சிஜன் இருப்பதால் ஒரே நொடியில் பற்றும். வீட்டுச் சமையலறையில் கட்டடம் இடியும் அளவுக்கு எதுவும் ஆகாது. எனினும் எரியும் அடுப்புக்கு அருகில் மைதாவை வாரி இறைத்தால் முகத்துக்கு நேரே தீ குப்பென்று பிடிக்க வாய்ப்புண்டு. மாவு சலிப்பதும் பிசைவதும் அடுப்பு எரியாத நேரத்தில் என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கார்ட்டூன் காட்டாத, மலைவீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்ட்டூனில் புகை என்றால் கரும்புகை, இருமல், சிரிப்பு. நம் பகுதியில் குளிருக்காகக் கரியடுப்பையோ கங்குச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கண்ணில் தெரியும் புகையைக் கண்டு ஓடக் கற்றுக்கொடுக்கும் நாம், தெரியாத இந்த வாயுவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

காயத்துக்கு வருகிறேன். கருகிய முகம் அடுத்த காட்சியில் சரியாகிவிடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1960-களில் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், ஒரு பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அப்படியே செய்தார்கள். 1963-இல் வெளியான சோதனையில், நேரில் பார்த்த குழந்தைகளைப் போலவே, படத்தில் பார்த்தவர்களும், பூனை வேடமிட்ட கார்ட்டூன் பாணிப் படத்தில் பார்த்தவர்களும் அதைப் பின்பற்றினார்கள். 1965-இல் வெளியான மற்றொன்று நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது: அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள், தாமாக அதைச் செய்வது குறைந்தது. ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்று சொன்னவுடன், அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டிவிட்டார்கள். கற்றுக்கொள்வது எல்லாக் குழந்தைகளுக்கும் நடந்துவிடுகிறது. விளைவைப் பார்த்திருப்பதுதான் கையைக் கட்டிப்போடுகிறது. விளைவையே அழித்துவிடும் ஒரு காட்சி, செய்முறையை மட்டும் கற்றுக்கொடுக்கிறது.

இதனால் கார்ட்டூனைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஷின்-சான் தொடரை 2008-இல் மத்திய அரசு நிறுத்தியது. சில மாற்றங்களுடன் அடுத்த ஆண்டே அது திரும்பி வந்தது. இன்றும் குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சமையல் அத்தியாயத்தை மகனோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். முகம் கருகும் இடத்தில் நிறுத்தி, "இப்போ இவனுக்கு எப்படி வலிக்கும்? எத்தனை நாள் பள்ளிக்கூடம் போக முடியாது?" என்று கேளுங்கள். பயமுறுத்தும் படங்களைக் காட்டத் தேவையில்லை. 60 டிகிரி நீர் ஐந்து நொடிகளில் ஆழமான தீக்காயம் உண்டாக்கப் போதுமானது. குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் அவர்களுக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். "நம்ம ஊர்ல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால அவ்வளவா சுடாது" என்று ஒரு கெட்டிக்கார மாணவன் என்னிடம் வாதிட்டதுண்டு. தோலைப் பொறுத்தவரை 94-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலைவீடுகளில் குளிக்க, குடிக்க, கைகழுவ என்று நாள் முழுவதும் வெந்நீர் புழங்குவதால், எண்ணெயைவிட வெந்நீர்ப் பாத்திரமே குழந்தைகளுக்குப் பெரிய எதிரி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் விறகடுப்பு தரையிலேயே இருப்பதும், பெற்றோர் இருவரும் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதும் இதை இன்னும் கடினமாக்குகின்றன.

சுட்டுவிட்டால், சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடங்கள் காட்ட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய், மாவு எதுவும் கூடாது, பனிக்கட்டியும் கூடாது. இங்கே மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீரே பனிக்கட்டிக்கு அண்ணனாக இருக்கும் என்பதால், சிறு குழந்தை என்றால் சுட்ட இடத்தை மட்டும் நீரில் காட்டி, உடம்பின் மற்றப் பகுதியைப் போர்வையால் மூடி வைக்க வேண்டும். இல்லையேல் தீக்காயத்தோடு உடல் வெப்பம் குறைந்துபோகும் ஆபத்தும் சேரும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம் என்றால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், அழைத்துவிட்டு நீரூற்றுவதைத் தொடருங்கள்.

மகன் கேக் செய்யும் ஆசையை அணைத்துவிடாதீர்கள். ஏழு வயதுக்குப் பட்டாணி உரிப்பது, கேரட் கழுவுவது, மாவு சலிப்பது, முட்டை உடைப்பது, கலவையைக் கிளறுவது எல்லாம் தாராளமாக முடியும். அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அடுப்பு எரியும்போது அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். கோடு போடும் வேலையையும் அவனுக்கே கொடுத்தால் பெருமையோடு காப்பாற்றுவான். வாணலிகளின் கைப்பிடிகள் உட்பக்கம் திரும்பியிருக்கட்டும். ஸ்டூல் அடுப்பருகே வேண்டாம். இக்காலத்து அடுப்புகள் பல லைட்டர் இல்லாமலே, குமிழைத் திருகினாலே பற்றிக்கொள்கின்றன என்பதால், வெளியே போகும்போது சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

கேக் உப்பிக் கதவைத் தள்ளும் காட்சிக்கும் ஒரு மலை விளக்கம் இருக்கிறது. சோடா உப்பிலும் பேக்கிங் பவுடரிலும் இருந்து வரும் கரியமில வாயு, கடல்மட்டத்தில் பிடிக்கும் இடத்தைவிடக் கோத்தகிரியில் ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் இடம் பிடிக்கும். மாவு இறுகுவதற்குள் குமிழிகள் பெரிதாகி உடைந்துவிடுவதால், சமவெளிக்காரர் எழுதிய அளவுப்படி செய்த கேக் இங்கே முதலில் அழகாக எழும்பி, பிறகு நடுவில் பள்ளமாக அமுங்கிவிடும். ஆகவே குறிப்பில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றிருந்தால் முக்கால் தேக்கரண்டி போடுங்கள். சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி குறைத்து, பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். கேக் அச்சை வாய்வரை நிரப்பாமல் பாதி மட்டும் ஊற்றுங்கள். ஓவனின் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி கூட்டிவைத்தால் மாவு சீக்கிரம் இறுகி, எழும்பியது எழும்பியபடியே நிற்கும். ஓவனுக்குள் வைப்பதும் எடுப்பதும் உங்கள் வேலை. கண்ணாடிக் கதவு வழியாக எட்ட நின்று, கேக் எழும்புவதைப் பார்த்து நேரம் குறிப்பது அவன் வேலை.